பச்சப் புள்ள இருக்கிற வீட்டில சாம்பிராணி, கொள்ளி அடுப்புப் புகை உண்மையிலயே கூடாதா?

"நாங்க எல்லாம் புகைக்குள்ளதானே வளந்தம், புள்ளைக்கு ஒண்டும் ஆகாது எண்டு மாமி சொல்றா, சரியா" எண்டு கேட்டிருக்கீங்க. எங்கட வீட்டில பெத்தாவும் இதத்தான் சொன்னா, நானும் நம்பினன்.

எனக்கு மட்டக்களப்பில வெல்லாவெளிப் பக்கம். 2022ல கேஸுக்கு நாடே வரிசையில நிண்ட நேரம் வயித்தில புள்ளையோட மூணு நேரமும் கொள்ளியிலதான் சமைச்சன், ஈரக்கொள்ளி எண்டா ஊதி ஊதியே கண் செவந்து போகும். ஐப்பசியில மகன் பிறந்தான். குளிக்க வாத்து முடிய பெத்தா சட்டியில தணல் போட்டு, சாம்பிராணி தூவி, ஜன்னலையும் சாத்திப்போட்டு அவன்ட தலையக் காய வைப்பா, அவன் முகத்தச் சுழிச்சுத் தும்முவான், சளி வெளிய வருது எண்டு நாங்க சந்தோசப்பட்டம். மறுகா ராவைக்குக் கட்டிலுக்குக் கீழ நுளம்புத் திரி. மாசியில வெள்ளாமை வெட்டி முடிஞ்சு வயல்ல வைக்கல் எரிச்சாங்க, கொடியில காயப்போட்ட அவன்ட வெள்ளத் துணியெல்லாம் கறுப்புச் சாம்பல், தட்டினா இழுபட்டுக் கோடாகுது. அந்தக் கிழமைதான் அவனுக்கு முதல் முட்டு, மூச்செடுக்கேலாம இழுக்கிறது. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் நெபுலைஸ் பண்ணினாங்க.

இந்தப் புகைதான் காரணம் எண்டு அவன்ட விசயத்தில யாராலயும் அடிச்சுச் சொல்லேலாது. சளிக்காய்ச்சல், பரம்பரை எண்டு எத்தனையோ இரிக்கி. ஆனா நிறையப் புள்ளையளச் சேத்துப் பாத்தா விசயம் தெளிவு. 1952 டிசம்பர்ல லண்டன்ல 5 நாள் நச்சுப்புகை மூடினது, அந்த நேரம் ஒரு வயசுக்குள்ள இருந்த ஆக்கள 2016ல வந்த ஒரு ஆய்வில பாத்தா, சின்ன வயசில ஆஸ்துமா வந்தவங்க மத்தவங்கள விட நல்லாக் கூட. வெறும் 5 நாள். பிறந்த புள்ளைக்கு நுரையீரல் முழுசா வளந்திருக்காது, காத்தறைகள்ல பெரும்பங்கு பிறந்த பிறகுதான் உண்டாகுது, அதோட நிமிசத்துக்கு 40, 50 தரம் மூச்செடுக்கும், நாம எடுக்கிறதப் போல ரெண்டு மூணு மடங்கு. வயித்தில இருக்கக்குள்ளயும் புகையிட்ட இருந்து தப்பேலாது, பெல்ஜியத்தில 2019ல இளங்கொடியில (நச்சுக்கொடியில), அதுவும் புள்ளைப் பக்கத்திலயே கரித்துகள் கண்டிருக்காங்க. புகைக்குள்ள இருக்கிற தாய்மாருக்கு நிறை குறைஞ்ச புள்ள, நாளுக்கு முந்தின பிரசவம் கூடுறதும் தெரிஞ்ச விசயம்.

நுளம்புத் திரிய நான் பெரிசா எடுக்கவே இல்ல. ஒண்டு எரிஞ்சு முடியக்குள்ள 75இல இருந்து 137 சிகரெட் அளவு நுண்துகள் வெளிய வரும் எண்டு அளந்து பாத்திருக்காங்க! வலையப் போடுங்க, அது போதும்.

மாமியோட சண்டைக்குப் போகாதீங்க, அவ அன்பிலதான் செய்றா. சாம்பிராணிய சாமியறையில காட்டட்டும், புள்ள அந்த நேரம் வேற அறையில இருக்கட்டும், தலைய மெல்லிய துணியால துடைச்சாலே காயும். கொள்ளியிலதான் சமைக்கோணும் எண்டா அடுப்ப வெளிப்பத்திக்கு மாத்துங்க, காஞ்ச கொள்ளிய வைங்க, புள்ளையத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகாதீங்க. வைக்கல் எரிக்கிற பின்நேரத்தில ஜன்னலப் பூட்டிப்போட்டு, ஓஞ்ச பிறகு திறங்க.

ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட புள்ள அமைதியா இருக்கக்குள்ள நிமிசத்துக்கு 60 தரம் அல்லது கூட மூச்சு வாங்கினா, இல்லாட்டி விலாவுக்குக் கீழ உள்ளுக்கு இழுத்தா, கைவைத்தியம் பாத்துக்கொண்டு நிக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ராவு எண்டாலும் விடியட்டும் எண்டு பாக்காதீங்க.