வாசகர் கேள்வி – பதில்: மேலூரும் உசிலம்பட்டியும்

கேள்வி: ஒரே நாட்டுக்குள் கேரளத்துக்கும் பீகாருக்கும் மனித வளர்ச்சியில் இவ்வளவு இடைவெளி ஏன்? மதுரை மாவட்டத்துக்குள்ளேயே மேலூர்ப் பக்கம் ஒரு மாதிரியும் எங்கள் பக்கம் வேறு மாதிரியும் இருக்கின்றனவே?
– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

பதில்: ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டு வருகிறது. இவற்றில் கல்வியை மட்டும் எடுத்துக்கொண்டாலே உங்கள் கேள்வியின் கனம் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளப் பெண்களில் 92 விழுக்காட்டினரும், பீகார்ப் பெண்களில் 51.5 விழுக்காட்டினரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர். தமிழ்நாட்டுக்குள்ளும் மொத்த எழுத்தறிவு கன்னியாகுமரியில் ஏறக்குறைய 92 விழுக்காடு, தருமபுரியில் 68.5 விழுக்காடு.

கன்னியாகுமரியின் முன்னிலை அண்மையில் வந்ததன்று. குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஆணையிட்டார். நாகர்கோவில் வட்டாரத்தில் மிஷன் பள்ளிகளும் அக்காலத்திலேயே தோன்றின. 1956-இல் அம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, பள்ளிக்குப் போய்ப் பழகிய சில தலைமுறைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன.

உங்கள் ஊரின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. 1895-இல் பெரியாறு அணை நீர் வைகைக்குத் திரும்பியபோது மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்கள் பாசனம் பெற்றன. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கங்கள் மானாவாரியாகவே நின்றன. 58 கிராமக் கால்வாய் பின்னாளில் வந்தது என்றாலும், வைகை அணை போதிய அளவு நிரம்பினால்தான் அதில் நீர் விடமுடியும். மழை பொய்த்தால் குடும்பத்தோடு பிழைப்புத் தேடிப் போகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது.

ஆனால் தண்ணீரை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன். ஊரார் 'ரேகைச் சட்டம்' என்று இன்றும் சொல்லும் ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரையினர் சட்டம், இங்குள்ள பிறமலைக் கள்ளர் சமூகத்தாரின் பிறப்பையே குற்றமாக்கி, ஆண்களை இரவில் காவல் நிலையத்தில் படுக்கச் செய்தது. அதற்குக் கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கியது. விரும்பிய ஊருக்குச் சென்று வேலை தேடும் உரிமையைக்கூட இழந்திருந்த ஒரு சமூகத்தின் பின்தங்கலை 'ஆர்வமின்மை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மக்களுக்காகத் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்குகின்றன. தலைமுறைகளாக விடுபட்ட படிப்பை ஈடுசெய்யும் பொறுப்பு அவற்றின் மேல் விழுந்திருக்கிறது.

கேள்வி: பட்டாசும் அச்சுத் தொழிலும் செழிக்கும் விருதுநகர் எப்படிப் பின்தங்கிய மாவட்டம் ஆகும்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: 2018-இல் மத்திய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில், தமிழகத்திலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. அத்திட்டம் தொழில் உற்பத்தியைவிட உடல்நலம், ஊட்டச்சத்து, கல்வி போன்றவற்றையே முதன்மையாகக் கவனிக்கிறது. மேலும், தனிநபர் வருமானம் என்பது சராசரி: சிவகாசி ஆலை உரிமையாளரின் இலாபமும், அங்கே மருந்து அடைக்கும் பெண்ணின் நாள்கூலியும் ஒன்றாகக் கூட்டித்தான் வகுக்கப்படுகின்றன.