12 நிமிடத்துக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டெல்லியின் காற்று மாசை அளக்கும் மலிவு விலை சென்சர்கள் பற்றி 8 பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். கருத்தரங்கில் 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது?
— ஆய்வு மாணவி, முனிர்கா

15 நிமிடம் என்றால் பெரும்பாலும் பேச 12, கேள்விக்கு 3. கட்டுரையைப் படிப்பவர் புரியாத இடத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது முடியாது. ஒரு ஸ்லைடு போனால் போனதுதான். அதனால் பவர்பாயின்டைத் திறப்பதற்கு முன் உங்கள் முடிவை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். 'ஈரப்பதம் ஏறும் அதிகாலையில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெரிதாகின்றன; அதனால் சென்சர் பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள நுண்துகள்கள்) அளவைக் கூட்டிக் காட்டுகிறது' என்பதுபோல. அந்த வாக்கியத்துக்குத் துணைநிற்காத ஸ்லைடு எதுவானாலும், அதற்கு நீங்கள் எத்தனை மாதம் உழைத்திருந்தாலும், வெளியே போகட்டும்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: பிரச்சினைக்கு 2 நிமிடம், முறைக்கு 3, முடிவுகளுக்கு 5, ஆய்வின் எல்லைகளுக்கு 1, நிறைவுக்கு 1. மொத்தம் 10 ஸ்லைடு போதும். முன்னோர் ஆய்வுகளை அரை நிமிடத்துக்குமேல் சொல்ல வேண்டாம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். முன்னுரையிலேயே 5 நிமிடம் போய்விடும், முக்கியமான வரைபடம் திரைக்கு வரும்போது அமர்வுத் தலைவர் மணி அடிப்பார்.

கட்டுரையிலுள்ள 8 பத்தி அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள். பின்வரிசைக்கு அது எறும்பு வரிசையாகத்தான் தெரியும். அதில் பேசப்போகும் இரண்டு பத்திகளை மட்டும் வரைபடமாக்குங்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது, அச்சு எண்கள் 18. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். நிறப்பார்வைக் குறையுள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி. வரைபடம் வந்ததும் கிடையச்சில் என்ன, நெட்டச்சில் என்ன என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு புள்ளிகளைக் காட்டுங்கள்.

ஒத்திகையை மனசுக்குள் பார்த்தால் கணக்கில் சேராது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்து மூன்று முறையாவது. 11 நிமிடத்தில் முடியும்படி பழகுங்கள். மைக்கோ அறிமுகமோ ஒரு நிமிடத்தைத் தின்றுவிடும். 6-வது நிமிடத்தில் எந்த ஸ்லைடில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, தாமதமானால் எதைத் தாண்டுவது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய்விடும்.

கேள்வி: சங்கப் பாடல்களை மேற்கோள் காட்டும் என் ஸ்லைடுகள், கருத்தரங்கக் கணினியில் ஏதேதோ ஆங்கில எழுத்தாக மாறிவிட்டன. ஏன்?
— வாசகர், மயூர் விஹார்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அதில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்தின் குறியீடுதான்; எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான தீர்வு. மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். 'ஔவையார்' என்பதன் முதலெழுத்து 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்து நிற்பது அடிக்கடி நடக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், தேடினால் சிக்காது.

யூனிகோடிலும் ஒரு பாதுகாப்பு வேண்டும். விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துரு மேக் கணினியில் இருக்காது. பவர்பாயின்டின் சேமிப்பு விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் வசதியை இயக்குங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும். ரோமன் எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு அடிக்கோடு, ளகரத்துக்கு அடிப்புள்ளி; இந்தக் குறிகளும் எழுத்துரு மாறினால் காணாமல் போகும், சரிபாருங்கள்.

டெல்லி அரங்கில் தமிழ் அறியாதவர்களும் இருப்பார்கள். முழுப் பாடலையும் போடாமல் நீங்கள் வாதிடும் இரண்டு வரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பு, கீழே 'புறநானூறு 187' என்பதுபோலப் பாட்டு எண். அவர்கள் படித்து முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள். அந்த 10 நொடி மௌனம் பாடலுக்கு நாம் தரும் மரியாதை.

கேள்வி: ஜனவரியில் சென்னையில் போஸ்டர் வைக்க வேண்டும். ஏ-0 அளவு கேட்கிறார்கள்.
— வாசகர், ஆர்.கே. புரம்

ஏ-0 என்றால் 841 × 1189 மி.மீ. தாள். பலகை நெட்டுவாக்கா, கிடைவாக்கா என்று முதலில் கேளுங்கள். 1 மீட்டர் அகலப் பலகையில் கிடைவாக்கு ஏ-0 வெளியே துருத்தும். பக்க அளவைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள், பின்னால் மாற்றினால் படங்கள் இழுபடும். இணையத்தில் எடுத்த 800 பிக்சல் படத்தை 40 செ.மீ. அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல்தான் மிஞ்சும், கலங்கித் தெரியும். 150 இருந்தால் நல்லது. 500 சொற்களோடு நிறுத்துங்கள். சுருட்டிய தாளின் குழாய் 85 செ.மீ.க்குமேல் நீளும், விமானத்தில் கைப்பையாக ஏற்றத் தகராறு வரலாம். துணியில் அச்சடித்தால் மடித்தே கொண்டுபோகலாம். ரயில் என்றால் ஜனவரிப் பனிமூட்டத்தை நினைத்து ஒரு நாள் முன்னதாகப் புறப்படுங்கள்.

கேள்வி: பேசிவிடுவேன். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
— ஆய்வு மாணவர், கரோல் பாக்

கேள்வியைக் காகிதத்தில் ஒரு வரி குறித்து, 'நீங்கள் கேட்பது இதுதானே?' என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார். யோசிக்கவும் சில நொடி கிடைக்கும். பதில் 40 நொடிக்குள் முடியட்டும். வேறு துறை நண்பர்கள் இருவரை உட்காரவைத்துப் பேசிக்காட்டி, அவர்கள் கேட்பதிலிருந்து 10 கேள்விகளைத் திரட்டுங்கள். மாதிரி எண்ணிக்கை ஏன் இவ்வளவு, ஏன் இந்த முறை, வரைபடத்தின் பிழைக்கோடு (error bar) எதைக் குறிக்கிறது — இவை அநேகமாக வரும். நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் இவற்றுக்கான 3, 4 ஸ்லைடுகளை ஒளித்துவையுங்கள்.

தெரியாத கேள்விக்கு எண்ணைக் கற்பனை செய்து சொல்லவே கூடாது. 'அதை நான் அளக்கவில்லை. அளக்க இன்ன தரவு வேண்டும்' என்றால் போதும். அமர்வு முடிந்ததும், தேநீருக்கு எழுந்திருக்கும் முன்பே, யார் என்ன கேட்டார் என்று எழுதிவிடுங்கள். கட்டுரையைத் திருத்தும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.