சீட்டு கையில் இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

இ-சேவை மையங்களைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகள் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து இரண்டு வாரமாகிறது. கேட்டால், "இங்கிருந்து அனுப்பிவிட்டோம், இனி எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். இருநூறு ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். அப்படியானால் மையம் எதற்கு?
– வாசகர், மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்

பதில்: மையத்தில் இருப்பவர் சொன்னது பாதி சரி. விண்ணப்பத்தைக் கணினியில் பதிந்து, ஆவணங்களை ஸ்கேன் செய்து, உரிய அலுவலருக்கு அனுப்பி வைப்பதோடு அவருடைய அதிகாரம் முடிகிறது. அதன்பின் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்குப் போய், அவருடைய பரிந்துரையோடு வருவாய் ஆய்வாளருக்கு ஏறி, சான்றிதழின் வகையைப் பொறுத்துத் துணை வட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ ஒப்புதலுக்கு நிற்கிறது. பழைய நாளில் காகிதம் நடந்த அதே வழியில்தான் இப்போது கோப்பு கணினியில் நடக்கிறது. இடையில் யாராவது விடுப்பில் போனால் காகிதத்தைப் போலவே அதுவும் காத்திருக்கும்.

மற்றொரு பாதியை அவர் சொல்லவில்லை. திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பலவற்றுக்குக் காரணம் தட்டச்சு செய்த மேசையிலேயே பிறக்கிறது. சந்திரன் என்னும் தந்தையின் முன்னெழுத்து ஆதாரில் 'சி' என்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'எஸ்' என்றும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். இந்த வேறுபாட்டைப் பதியும்போதே கண்டு, "இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல மைய நடத்துநர் என்பது என் கருத்து. முதல் பட்டதாரி சான்றிதழில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். குடும்பத்தில் இதற்குமுன் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை என்பதுதான் அதன் அடிப்படை என்பதால், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் படிப்பு விவரமும் உறுதிமொழியும் குறைவின்றி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அண்ணன் எங்கே படிக்கிறார் என்ற ஒரு வரி விடுபட்டாலும் கிராம நிர்வாக அலுவலர் கேள்வி எழுப்புவார்; எழுப்புவது அவர் கடமையும்கூட.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மையத்தில் தந்த ஒப்புகைச் சீட்டில் 'டிஎன்' என்று தொடங்கும் விண்ணப்ப எண் இருக்கும். இ-சேவை இணையதளத்தில் அதை இட்டால் கோப்பு எந்த அலுவலரிடம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அலுவலரை நேரில் பார்த்து, ஆவணங்களின் அசலைக் காட்டுங்கள். சீட்டே தரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டணத்துக்கு வருவோம். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். முதியோர் உதவித்தொகை போன்ற சமூகப் பாதுகாப்புத் திட்ட விண்ணப்பத்துக்கு 10 ரூபாய். நகல் எடுத்ததற்கும் புகைப்படத்துக்கும் தனியே வாங்கியிருக்கலாம். ஆனால் எதற்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூடுதலாக வாங்கியது உறுதியானால், 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் சீட்டு விவரத்துடன் புகார் செய்யலாம்.

கேள்வி: என் மாமியாருக்குக் கைப்பேசி கிடையாது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, மையத்துத் தம்பி தன்னுடைய எண்ணையே போட்டுவிட்டார். இதில் தவறு உண்டா?
– வாசகி, திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அந்தத் தம்பி உதவியாக நினைத்தே செய்திருப்பார். ஆனாலும் இதை இப்படியே விட்டுவிடக் கூடாது. இ-சேவையில் முதல் முறை வருகிறவருக்கு 'கேன்' எனப்படும் நிரந்தரக் குடிமக்கள் எண் ஒன்று உருவாக்கப்படுகிறது. பெயர், முகவரி, ஆதார், கைப்பேசி எண் எல்லாம் அதனோடு கட்டப்பட்டவை. அடுத்த முறை எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் அந்தக் கேன் எண்ணைத்தான் தேடுவார்கள். ஓடிபியும், விண்ணப்பம் ஏற்கப்பட்டதா திரும்பியதா என்ற குறுஞ்செய்தியும் அதில் பதிந்த கைப்பேசிக்குத்தான் போகும். நாளைக்கு அவர் மையத்தை மூடிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், உங்கள் மாமியாரின் செய்தி அவரோடு போய்விடும். உங்கள் எண்ணையோ வீட்டில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணையோ கேன் விவரத்தில் மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கேன் எண்ணை ஒரு தாளில் குறித்து குடும்ப அட்டையோடு வையுங்கள். ஒருவருக்கே இரண்டு மூன்று கேன் எண்கள் இருந்து குழம்புவதை நான் பார்த்திருக்கிறேன். பழைய எண் யாருக்கும் நினைவில்லாததே அதற்குக் காரணம்.

கேள்வி: இ-சேவையில் எடுத்த வருமானச் சான்றிதழை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். "வட்ட முத்திரையும் மையால் போட்ட கையெழுத்தும் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள்.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: அவர்கள் திருப்பியது தவறு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்திருக்கிறது. சான்றிதழில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ, சான்றிதழ் எண்ணை இணையதளத்தில் இட்டோ அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம். மை முத்திரையைவிடப் போலி செய்யக் கடினமானது இது என்பதைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், தேதியை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பி.எஸ்சி. படித்துவிட்டு ஊரில் இருக்கிறேன். சொந்தமாக இ-சேவை மையம் தொடங்கினால் நிற்க முடியுமா?
– வாசகர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2001-இல், ஊருக்குள் இணையம் என்பதே அபூர்வமாக இருந்தபோது, மேலூர் வட்டத்துக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டத்தின்கீழ் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடியில் உருவான 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே இணைப்புக் கொடுத்தார்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களை அங்கிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்தது. பேருந்துச் செலவும் அரைநாள் கூலியும் மிச்சமாயின. ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் போதாமை ஒரு காரணம். திட்டத்தில் ஆர்வமும் பயிற்சியும் பெற்ற அலுவலர்கள் மாறுதலில் போனதும், அலுவலகத்தின் அந்த முனையில் விண்ணப்பங்களைக் கவனிப்பது தளர்ந்தது மற்றொரு காரணம். இங்கே கணினி ஓடியது, அங்கே எடுத்துப் பார்க்க ஆள் இல்லை.

இன்று அந்த முனை வலுவாக இருக்கிறது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் ஒரே மென்பொருளில் அலுவலர்கள் எல்லோரும் வேலை பார்ப்பதால், ஓர் அதிகாரி மாறினாலும் சேவை நிற்பதில்லை. ஆனால் வருமானக் கணக்கு இன்னும் அதேதான். மே முதல் ஜூலை வரை கல்லூரிச் சேர்க்கையால் வரிசை நிற்கும். ஐப்பசி மழையில் நாளுக்கு நான்கு பேர் வந்தால் அதிகம். அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் மையமோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் மையமோ உங்கள் ஊருக்கு அருகில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விவரம் அறிந்தவர்கள் இப்போது கைப்பேசியிலிருந்தே விண்ணப்பிக்கிறார்கள் என்பதையும், பட்டா, சிட்டாவை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நகல், புகைப்படம், மின்கட்டணம், பயணச்சீட்டு ஆகியவற்றோடு சேர்த்து நடத்துகிறவர்களே பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறார்கள்.

2023-இல் 'அனைவருக்கும் இ-சேவை' திட்டம் அறிவிக்கப்பட்டபோது விண்ணப்பக் கட்டணம் ஊரகப் பகுதிக்கு 3,000 ரூபாய், நகரத்துக்கு 6,000 ரூபாய் என்று இருந்தது. கடை வாடகைக்கு முன்பணம் கொடுக்கும் முன், நடைமுறையில் உள்ள கட்டணத்தையும் புதிய பதிவு திறந்திருக்கிறதா என்பதையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மின் ஆளுமைப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.