அஞ்சு விரல் ஷூவும் அம்மாவோட கால் எரிச்சலும் (வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம்,

நான் ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில க்யூசி-ல (தரம் பாக்கற பிரிவுல) இருக்கேன், வயசு 36, எடை 84. போன மாசம் அமெரிக்கால இருந்து வந்த மச்சான் எனக்கு ஒரு ஷூ குடுத்துட்டு போனான். அஞ்சு விரலுக்கும் தனித்தனியா உறை வச்சது, அடி ரொம்ப மெலிசு. அவன் ஆபீஸ், கடை, விருந்துன்னு எல்லாத்துக்கும் அதத்தான் போடறானாம், மூட்டு வலி போயே போச்சுங்கறான். நீங்களும் பல வருஷமா இத போடறதா எப்பவோ ஒரு பதிவுல போற போக்குல சொல்லியிருந்தீங்க, அதான் கேக்கறேன்.

எனக்கு சின்ன வயசுலேந்தே தட்டப்பாதம். ரெண்டு வருஷமா வலது முட்டில வலி. இத தினமும் போட்டா சரியாகுமா? வீட்டுக்காரி பாத்துட்டு "என்னங்க இது கொரங்கு கால் மாதிரி, என்கூட வரும்போது இத போட்டுட்டு வராதீங்க"ன்னுட்டா. இன்னொண்ணு, அம்மாவுக்கு 12 வருஷமா சுகர், ராத்திரி ஆனா உள்ளங்கால் எரியுது, மதமதன்னு இருக்குங்கறாங்க. அவங்களுக்கும் ஒரு ஜோடி வரவழைச்சு குடுத்தா ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்னு மச்சான் சொல்றான். வாங்கலாமா?

ரா., ஓசூர்

அன்புள்ள ரா.,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். அம்மாவுக்கு வாங்காதீங்க. ஏன்னு கீழ வர்றேன், அதுக்குள்ள மச்சான் ஆர்டர் கிர்டர் போட்டுடப் போறாரு, ஒரு போன் பண்ணி நிறுத்தி வச்சுடுங்க.

கொரங்கு காலுக்கு கவலப்படாதீங்க. அமெரிக்க ராணுவமே 2011-ல உடற்பயிற்சி யூனிபார்மோட இந்த ஷூவ போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, காரணம் காலுக்கு கெடுதல்னு இல்ல, பாக்க ராணுவத்துக்கு லட்சணமா இல்லன்னுதான். உங்க வீட்டம்மா சொன்னதும் அதேதான், என்ன, அவங்க இன்னும் கொஞ்சம் நேரா சொல்லிட்டாங்க. என்ன பாத்து கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல நாய் கொலைச்சிருக்கு, சின்னப்பசங்க பின்னாடியே வந்திருக்காங்க, ஒரு பெரியவர் நடந்துட்டிருந்தவர் நின்னு, குனிஞ்சு பாத்து, "ஏனுங் தம்பி, விரல்ல ஏதாச்சும் ஆப்பரேசனுங்களா?"ன்னு நெசமாவே அக்கறையா கேட்டாரு.

என்னோட பிரச்சன அந்த கேலி இல்ல, கழட்டி மாட்றது. இத கண்டுபிடிச்ச ஊர்ல காலைல ஷூ மாட்டினா ராத்திரி வரைக்கும் அது கால்லயே கெடக்கும். நம்ம வாழ்க்க அப்படியா? காலைல வாசல்ல மாட்டறோம், பக்கத்து வீட்ல கழட்டறோம், கோயில், டாக்டர் கிளினிக், சொந்தக்காரங்க வீடு, சில நகைக்கடை துணிக்கடைல கூட வெளிய விட்டுட்டு வாங்கங்கறான். ஒரு நாளைக்கு பத்து தடவ கழட்டி மாட்ற ஜனம் நாம, அதனாலதான் நமக்கு ஹவாய் செருப்பு அவ்ளோ பொருந்துச்சு, நின்ன வாக்குல உதறிட்டு உள்ள போயிடலாம்.

ஒரு தடவ பேரூர் கோயிலுக்கு குடும்பத்தோட போனப்ப செருப்பு விடற எடத்துல இருந்த அக்கா என் ஷூவ ரெண்டு விரல்ல தூக்கி பாத்துட்டு "இது கையுறைங்களா, கால்லயா போட்டீங்க?"ன்னாங்க. சாமி கும்பிட்டு வெளிய வந்தப்புறம்தான் கூத்து. கால் வேர்வைல ஈரம், உள்ள துணி ஒட்டுது, கட்டவிரல் ஒழுங்கா போயிடும், அடுத்த ரெண்டும் தள்ளினா போயிடும், ஆனா அந்த சுண்டுவிரல் இருக்கு பாருங்க, அதுக்கு தன் வீடு எதுன்னே தெரியாது, பக்கத்து விரலோட வீட்லயே சேந்து நொழஞ்சுக்கும், மறுபடி வெளிய எடுத்து, கையால புடிச்சு இழுத்து விட்டு, இதெல்லாம் ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு, செவுத்த புடிச்சுக்கிட்டு. ஒரு கால் முடிச்சு இன்னொரு கால் ஆரம்பிக்கறதுக்குள்ள எங்க வீட்ல எல்லாரும் கார்ல ஏறி உக்காந்து ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கோயில் குளம் கல்யாணம் காட்சிக்கு இது ஆகாது.

இது எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா மச்சான் சொல்ற பாதி விஷயத்துக்கு பதில் கெடச்சுடும். தயாரிக்கறது விப்ரம்னு ஒரு இத்தாலி கம்பெனி. 1935-ல ஆல்ப்ஸ் மலைல, பின்னால அந்த கம்பெனிய ஆரம்பிச்ச விடாலே பிரமானிங்கறவரோட கூட்டாளிங்க 6 பேர் செத்துப்போனாங்க, அந்த குளிருக்கும் பாறைக்கும் ஏத்த பூட்ஸ் இல்லாததும் ஒரு காரணம். அந்த வேதனைல அவர் பண்ணினதுதான் பள்ளம் பள்ளமா வெட்டின தடிச்ச ரப்பர் அடி, இன்னைக்கும் மலையேத்த பூட்ஸ கவுத்து பாத்தா அடில மஞ்சளா விப்ரம்னு இருக்கும். தடிச்ச அடிக்கே பேர் வாங்கின அந்த கம்பெனிகிட்ட 1999 வாக்குல ராபர்ட் ஃப்ளிரின்னு டிசைன் படிச்சுட்டிருந்த ஒரு பையன் போய், வெறுங்கால் மாதிரி ஒரு ஷூ பண்ணலாம்னு கைல ஒரு மாதிரியோட நின்னான், எனக்கு இந்த கதைல ரொம்ப புடிச்சது அந்த காட்சிதான். ஆரம்பத்துல இத விக்க பாத்தது ஓட்டக்காரங்களுக்கு இல்ல, பாய்மரப் படகு ஓட்றவங்களுக்கு, ஈர பலகைல வழுக்காம நிக்கறதுக்கு. அப்புறம்தான் வெறுங்கால் ஓட்டம்னு ஒரு அலை அடிச்சுது. 2010-ல டேனியல் லீபர்மேன்ங்கற ஹார்வர்ட் பேராசிரியர் நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல எழுதினார், வெறுங்கால்லயே ஓடி பழகினவங்க பெரும்பாலும் பாதத்தோட முன்பக்கத்துலயோ நடுப்பக்கத்துலயோ கால ஊணறாங்க, குதிகால்ல படற அந்த தடார்னு அடி அதனால அவங்களுக்கு இல்லன்னு. அவர் சொன்னது அவ்ளோதான். இந்த ஷூ போட்டா வலியே வராதுன்னு அதுல இல்ல, அந்த மிச்சத்த சேத்துக்கிட்டது விளம்பரமும் நம்ம மச்சான்களும்.

அந்த விளம்பரத்துக்காகவே 2012-ல அமெரிக்கால கேஸ் போட்டாங்க, காலுக்கு பலம் வரும் அடிபடறது கொறையும்னு சொன்னதுக்கு ஆதாரம் எங்கன்னு. 2014-ல கம்பெனி தப்ப ஒத்துக்காமலே 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி சமாதானம் பண்ணிக்கிச்சு, ஆதாரம் இல்லாம இனிமே அப்படி விளம்பரம் பண்றதில்லன்னும் ஒத்துக்கிச்சு. அதுக்காக ஷூ மோசம்னு நான் சொல்லல, நல்ல ஷூ, ஆனா மருந்து இல்ல.

இப்ப என் கதை. வாங்கின மொத வாரம் ஒண்ணும் தெரியல, றெக்க மொளச்ச மாதிரி இருந்துச்சு, ரோட்ல கெடக்கற சின்ன ஜல்லி, ஸ்பீட் பிரேக்கரோட பெயின்ட் கோடு, வேப்பம்பழக் கொட்ட, எல்லாம் உள்ளங்கால்ல தனித்தனியா தெரியும். அந்த சந்தோஷத்துல மூணாவது வாரமே 8 கிலோமீட்டர் ஓடினேன். ரெண்டாம் நாள் படி எறங்க முடியல, கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிடுச்சு, சரி புது பழக்கம் வலிக்கத்தான் செய்யும்னு வீம்புக்கு இன்னும் ரெண்டு தடவ ஓடினேன் பாருங்க, பாதத்து மேல்பக்கம், ரெண்டாவது விரலுக்கு நேரா, ஒரு ரூபா காசு அளவு எடத்துல தொட்டாலே சுரீர்னுச்சு. எலும்பு டாக்டர் அழுத்தி பாத்துட்டு எம்ஆர்ஐ எடுக்க சொன்னாரு, எலும்புக்குள்ள நீர் கோத்திருக்கு, இன்னும் பத்து நாள் ஓடியிருந்தா விரிசல் விட்ருக்கும்னாரு. ஆறு வாரம் ஓட்டம் கட். அப்புறம் தேடி படிச்சப்பதான் தெரிஞ்சுது, 2013-ல பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துல 10 வாரம் கொஞ்சங்கொஞ்சமா இந்த ஷூவுக்கு மாறினவங்களையே ஸ்கேன் பண்ணி பாத்ததுல 19 பேர்ல 10 பேருக்கு இதே மாதிரி பாத எலும்புல நீர் கோத்திருந்துச்சாம். மெதுவா மாறினவங்களுக்கே அந்த கதின்னா மூணு வாரத்துல 8 கிலோமீட்டர் ஓடின எனக்கு வேற என்ன கெடைக்கும்.

உங்க முட்டிக்கு வர்றேன். ஓடும்போது முன்பாதத்துல எறங்கினா முட்டிக்கு சும கொறையறது உண்மதான். ஆனா அந்த சும எங்கயும் காணாம போகல, கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேல இருக்கற அந்த தடிச்ச தசைநாணும் அத வாங்கிக்குது. 84 கிலோ ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்ல. இன்னொண்ணு, நீங்க ஓடறதா எழுதல, நடக்கறவருன்னா இந்த கணக்கே பொருந்தாது. நடக்கும்போது குதிகால் மொதல்ல படறதுதான் மனுஷ நட, வெறுங்கால்ல நடந்தாலும் அப்படித்தான். சிலபேர் இத மாட்டிக்கிட்டு பூன மாதிரி நுனிக்கால்ல நடக்கறாங்க, வேண்டாம். ரெண்டு வருஷ வலிக்கு என்ன காரணம்னு மொதல்ல பாத்துக்குங்க.

தட்டப்பாதத்துக்கு நம்ம பக்கமே ஒரு நல்ல ஆய்வு இருக்கு. 1992-ல ராவ், ஜோசப்னு ரெண்டு டாக்டருங்க நம்ம நாட்டுல 4 வயசுலேந்து 13 வயசு வரைக்கும் 2300 பிள்ளைங்களோட பாதத்த பதிச்சு பாத்தாங்க. ஷூ செருப்பு போட்டு வளந்த பிள்ளைங்கள்ல 8.6 சதவீதம் பேருக்கு தட்டப்பாதம், வெறுங்கால்ல திரிஞ்ச பிள்ளைங்கள்ல 2.8 சதவீதம். முன்பக்கம் மூடின ஷூதான் ரொம்ப மோசமா இருந்துச்சு. ஆனா இது வளர்ற பிள்ளைங்க கால் பத்தினது. 36 வயசுல உங்க பாதத்துக்கு வளைவு மொளைக்காது, அத சொல்லி யாராவது காசு கேட்டா குடுத்துடாதீங்க. பாதத்துல வலி இல்லன்னா தட்டப்பாதம் ஒரு வியாதியும் இல்ல. வீட்ல சின்னதுங்க இருந்தா மண்ணுல வெறுங்கால்ல வெளையாட விடுங்க, அது ஓசி.

இப்ப அம்மா. பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், 1914-ல நம்ம கொல்லிமலைல பொறந்தவர், வேலூர் சிஎம்சி-ல தொழுநோயாளிங்களுக்கு கை கால் ஆப்பரேசன் பண்ணினவர். விரல் அழுகி விழறது அந்த நோய் சதைய திங்கறதால இல்ல, வலி தெரியாததால, ஆணி குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாம அதே கால்ல நடந்து நடந்து புண்ணாக்கிக்கறாங்கன்னு கண்டுபிடிச்சு சொன்னவர் அவர்தான். நாள்பட்ட சுகர்லயும் நடக்கறது அதேதான். எரிச்சல், மதமதப்புன்னு அம்மா சொல்றாங்கல்ல, அது நரம்பு பாதிக்கறதோட ஆரம்பமா இருக்கலாம். இந்த ஷூவோட மொத்த பெருமையும் என்னன்னா தரைல இருக்கறத கால் உணரும்கறதுதான். உணர்ற காலுக்கு அது சரி, உணர்ச்சி கொறஞ்ச காலுக்கு மெலிசான அடிங்கறது கல்லும் சூடும் நேரா உள்ள வர்ற வழி. அதோட விரலுக்கு விரல் இறுக்கமா ஒரு தையல், அது உரசி புண்ணானாலும் அவங்களுக்கு தெரியாது, தெரியறப்ப சீழ் வச்சிருக்கும்.

அவங்களுக்கு வேண்டியது எம்சிஆர் செருப்பு (மைக்ரோ செல்லுலார் ரப்பர்ங்கற மெத்து ரப்பர்ல பண்றது), பின்னால வார் வச்சது. உணர்ச்சி போன காலுக்கு செருப்பு பண்ண வேலூர்ல பிராண்டும் கூட இருந்தவங்களும் பட்ட பாட்டோட வழியிலதான் அது இன்னைக்கு நமக்கு சாதாரணமா கெடைக்குது. பாக்க அழகா இருக்காது, உள்ள மெத்துனு வெளிய உறுதியா இருக்கும். அளவு நீங்களா யோசிச்சு வாங்காதீங்க, சுகர் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஒரு நைலான் எழய பாதத்துல அங்கங்க அழுத்தி, கண்ண மூடிக்க சொல்லி தெரியுதா தெரியலயான்னு கேப்பாங்க, ரெண்டு நிமிஷ வேல. அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயும் செருப்போட நடக்க சொல்லுங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே லைட் போட்டு பாருங்க, அம்மா கூச்சப்படுவாங்க, பரவால்ல. எரியுதேன்னு சுடுதண்ணில கால் வைக்க விட்டுடாதீங்க, எத்தன சூடுன்னு அந்த காலுக்கு தெரியாது.

உங்க ஷூ விஷயம். கம்பெனிக்குள்ள எப்படியும் சேஃப்டி ஷூதான், அதுல பேச்சே இல்ல. மொத ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடங்க, அப்புறம் இத மாட்டிக்கிட்டு சாயங்காலம் பத்து நிமிஷம், கெண்டைக்கால் கடுத்துச்சுன்னா மறுநாள் லீவு. ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். விரல் நகம் ஒட்ட வெட்டிக்குங்க, இல்லன்னா உள்ள துணி கிழியும். நாத்தம் வரும், நெறயவே வரும், விரல் வச்ச சாக்ஸ் தனியா விக்குது, அத போட்டா கொஞ்சம் கொறையும், வாரம் ஒருக்கா சோப்பு தண்ணில அலசி நெழல்ல காயப்போடுங்க, மொட்டமாடி வெயில்ல போட்டு என் மொத ஜோடியோட பசை விட்டுப்போச்சு. மழைல போட்டுட்டு போய் அப்படியே ஆபீஸ்ல உக்காராதீங்க, சேத்துப்புண் விரல் இடுக்குக்கு இடுக்கு வரும், அனுபவம். நான் இப்ப காலைல நடக்கறதுக்கும், வெள்ளிங்கிரி ஏறாம அடிவாரத்துல சுத்தறதுக்கும் மட்டும்தான் இத போடறேன். மத்த நேரத்துக்கு விரல் பக்கம் அகலமான தட்ட செருப்பு, உதறிட்டு உள்ள போயிடலாம். தினமும் போடற செருப்புன்னு கேட்டா என் ஓட்டு அதுக்குத்தான்.

வீட்டம்மாவுக்கும் ஒண்ணு வாங்கி சமாதானம் பண்ணலாம்னு நெனச்சுடாதீங்க. நான் அந்த வேலைய பண்ணேன், என் சம்சாரம் ஒரு விரல் உள்ள விட்டுட்டு "மெட்டிய கழட்டணுமாக்கும்"னு கேட்டா, அந்த ஜோடி டப்பாவோட இன்னும் பரண்ல இருக்கு.

இந்த வாரமே அம்மாவ கூட்டிட்டு போயிட்டு என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி எழுதுங்க.