கவுன்சில் வீட்டு வாடகைக்குச் சரியான பலன் கிடைக்கிறதா? (கேள்வி பதில்)

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வாடகைக்கு விடும் வீடுகளில் குடியிருப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: எங்கள் வாடகையில்தான் கவுன்சில் ரோடு போடுகிறதா?

பதில்: இல்லை. 1989 உள்ளாட்சி, வீட்டுவசதிச் சட்டப்படி வீட்டுக் கணக்கு (வாடகை வரவு, வீடுகளுக்கான செலவு) தனி. 2012 ஏப்ரல் முதல் கடன், பழுது, ஊழியர் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் அந்த வாடகையிலிருந்துதான். ஒரே வேலையை மூன்று தடவை செய்தால், வீணாவது குடியிருப்பவர்கள் காசு.

கேள்வி: குளியலறையில் பூஞ்சை. பெயிண்ட் பூசிவிட்டுப் போனார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

பதில்: காரணம் பார்க்காமல் பூசிய பெயிண்ட் வீண்செலவு. எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, முகப்பில் ஒரு டிஷ்யூ பேப்பரை வையுங்கள். ஒட்டி நிற்காவிட்டால் ஃபேன் இழுக்கவில்லை. இழுத்தும் பூஞ்சை வந்தால், பரணில் ஃபேனின் குழாய் கழன்று கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழன்றிருந்தால் நீராவி வெளியே போகாமல் அங்கேயே தங்கி மேற்கூரையை ஊறவைக்கும். கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளியும் வேண்டும். புது கார்பெட் அதை அடைத்திருந்தால், உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை இழுக்கும்? புது ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் இழுக்க வேண்டும், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

புகாரைத் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். 2025 அக்டோபர் 27 முதல், உடல்நலத்தைக் கணிசமாகப் பாதிக்கும் ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் கவுன்சில் ஆய்வு செய்தாக வேண்டும். ஆபத்து உறுதியானால், ஆய்வு முடிந்து 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீடு பத்து வாரமாகக் காலி. என்ன நஷ்டம்?

பதில்: வாடகை வாரம் 110 பவுண்டு என்று வைத்தால் 1,100 பவுண்டு. அங்கே குடியேற வேண்டிய குடும்பம் தற்காலிக விடுதியில் இருந்தால், அந்தச் செலவு கவுன்சிலின் பொதுநிதியில் (வீட்டுக் கணக்குக்கு வெளியே உள்ள பணம்) போய் விழும். வீட்டுக் கணக்கில் அது தெரியவே தெரியாது. எனக்கு இதுதான் பெரிய குறை. தாமதம் பெரும்பாலும் வேலைகளுக்கு இடையில்தான்: சாவி கைக்கு வந்த பிறகு வீட்டைப் பார்வையிடுவது, பிறகு ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு, மின்சோதனை, அலமாரிக்கு ஆர்டர். குடியிருப்பவர் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்த காலத்திலேயே போய் அளவெடுத்து ஆர்டர் கொடுத்துவிட்டால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

கேள்வி: கூரை வேலையைக் குறைந்த டெண்டருக்குக் கொடுத்தால் லாபம்தானே?

பதில்: சாரம் கட்டுவதே பெரும் செலவு. அடுத்த ஆண்டு ஜன்னலுக்காக மறுபடி சாரம் கட்டினால் அந்த லாபம் போய்விடும். சாரம் நிற்கும்போதே ஜன்னல், மழைநீர்க் குழாய் வேலையும் முடியவேண்டும்.

கேள்வி: கணக்கை நாங்கள் பார்க்கலாமா?

பதில்: 2014 உள்ளாட்சித் தணிக்கைச் சட்டப்படி ஆண்டுதோறும் 30 வேலை நாள் அந்த ஆண்டுக் கணக்கைப் பொதுமக்கள் பார்வையிடலாம்; தேதி கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். "பழுதுச் செலவு" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கட்டடம், மாதம், ஒப்பந்தக்காரர் பெயர் சொல்லி இன்வாய்ஸ் கேளுங்கள்.