கோழி எருவில் இருக்கும் டிஎன்ஏ கீரைப் பாத்தியில் என்ன செய்யும்?

கேள்வி: வணக்கம் சார். மாதவரம் பக்கம் அரை ஏக்கரில் சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லி போடுகிறேன். பிராய்லர் பண்ணையில் கோழி எரு வாங்கி அப்படியே இறைத்துவிடுவேன். மண்ணில் இருக்கும் பாக்டீரியா வெளியே கிடக்கிற டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி நம் பாத்தியிலேயே உருவாகும் என்று கல்லூரியில் படிக்கும் மகள் சொல்கிறாள். நிஜமா? நான் விடும் உயிர் உரமும் கெட்டுப்போகுமா?

பதில்: மகள் சொல்வது நிஜம்தான், ஆனால் பாதிக் கதை. 1928-லேயே கிரிஃபித் என்பவர் நிமோனியா கிருமியில் இதைப் பார்த்துவிட்டார். செத்த கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்கு வந்தது. நீங்கள் வேரழுகலுக்கு விடும் பேசில்லஸ் சப்டிலிஸ் இருக்கிறதே, அதுவே இந்த வேலையில் பெரிய கில்லாடி. ஆய்வகத்தில் சரியான நிலைமை அமைந்தால் பத்தில் ஒன்றிரண்டு செல்கள் டிஎன்ஏவை வாங்கத் தயாராகிவிடும். தழைச்சத்துக்கு விடும் அசோட்டோபேக்டர் பாக்டீரியாவும் இரும்புச்சத்து குறைந்தால் அப்படி மாறும். செத்த செல்லிலிருந்து கசியும் டிஎன்ஏ களிமண் துகளில் ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் சிதையாமல் கிடக்கவும் செய்யும்.

ஆனால் உள்ளே போனதெல்லாம் நிலைத்துவிடாது. தன் டிஎன்ஏவோடு ஒத்துப்போகும் துண்டைத்தான் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும், மற்றது அதற்குத் தீனி. அதனால் உயிர் உரம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். மருந்து எதிர்ப்பு அதிகமாகப் பரவுவது வேறு வழியில்: உயிருள்ள பாக்டீரியா ஒன்றையொன்று தொட்டு பிளாஸ்மிட் என்னும் சின்ன டிஎன்ஏ வளையத்தைக் கைமாற்றிக்கொள்ளும். மக்கவைக்காத பச்சை எருவில் எதிர்ப்புள்ள உயிர்க்கிருமி, அதன் மரபணு, கோழி வெளியேற்றிய மருந்தின் மிச்சம் மூன்றும் ஒன்றாக வருகின்றன. மருந்து மிச்சம் இருக்கும் மண்ணில் எதிர்ப்புள்ளதுதான் பிழைக்கும், அங்கேதான் சிக்கல்.

ஆக, மண்ணை விடுங்கள், எருவைச் சரிசெய்யுங்கள். அமெரிக்க இயற்கை விவசாய விதியில், மண்ணைத் தொடும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். உங்கள் சிறுகீரை ஒரு மாதத்துக்குள் சந்தைக்குப் போய்விடும், அப்புறம் எங்கே 120 நாள்? மக்கவைப்பது ஒன்றுதான் வழி. எருவோடு சருகு, வைக்கோல், உமி கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு (தண்ணீர் சொட்டக் கூடாது) ஈரம் வைத்து மேடாகக் குவியுங்கள். உள்ளே 55 டிகிரிக்குமேல் 15 நாளாவது நிற்கவேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்டவேண்டும், ஓரத்தில் கிடப்பதும் நடுவுக்கு வந்தால்தான் வேகும். சமையலறைத் தெர்மாமீட்டர் போதும். அதன் பிறகு ஆறி மண்வாசனை வரும்வரை விடுங்கள். எதிர்ப்பு மரபணு இதில் நன்றாகக் குறையும், முழுக்க ஒழியாது.

சமைக்கிற கீரையில் சூட்டிலேயே கிருமி செத்துவிடும். பச்சையாகச் சட்னிக்குப் போகும் கொத்தமல்லிக்குப் பச்சை எருவே கூடாது, கட்டு கட்டும்முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அப்புறம், தீவனத்தில் என்ன மருந்து கலக்கிறார்கள் என்று பண்ணையில் கேளுங்கள். கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக் இந்தியாவில் 2019 முதல் கோழிக்குத் தடை. அந்தப் பெயர் அடிபட்டாலோ பதில் மழுப்பலாக வந்தாலோ, செங்குன்றம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் சாணம் விசாரியுங்கள். அதையும் மக்கவைத்துத்தான் போடவேண்டும்.