சீட்டில் எழுதாதது

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. ஒருவர் சென்னையில் வங்கி அதிகாரி, மற்றவர் மதுரையில் பள்ளி ஆசிரியர். இருவருமே நல்ல விசுவாசக் குடும்பம். 21 நாள் உபவாசம் இருந்தோம். ஜெபித்துச் சீட்டுப் போட்டதில் முதல் தடவை வங்கி அதிகாரி வந்தார். நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி போட்டால் ஆசிரியர். மூன்றாவது தடவையும் ஆசிரியர். கர்த்தருடைய சித்தத்தை எப்படித்தான் அறிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம், நாசரேத்.

பதில்: முதல் சீட்டு பிடித்திருந்தால் இரண்டாவது எதற்கு? இரண்டாவது பிடித்திருந்தால் மூன்றாவது எதற்கு? மூன்றாவதும் பிடித்திருந்தால் தபால்தலை ஒட்டி எனக்குக் கடிதம் எதற்கு? கர்த்தரோடு மூன்று ஆட்டம் ஆடி 2-1 என்று தொடரை முடித்திருக்கிறீர்கள். ஜெயித்தது யார் என்பதுதான் தெரியவில்லை.

சீட்டு என்றாலே எனக்கு வயிறு கலங்கும். ஒரு காலத்தில் ஜெபத்தோடு ஆரம்பித்த மாதச் சீட்டு ஒன்றில் சேர்ந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்னால் பாட்டு, ஜெபம், அப்புறம் டீ, முறுக்கு. 20 மாதம் ஒழுங்காகக் கட்டினேன். 21ஆம் மாதம் போனால் வீடு பூட்டியிருக்கிறது. நடத்தியவரும் இல்லை, பணமும் இல்லை, முறுக்கும் இல்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம், பிரதர்" என்று ஆறுதல் சொன்னவர் எனக்கு முன்பே சீட்டு எடுத்துவிட்டவர். அன்றிலிருந்து, யாராவது சித்தம் என்று சொன்னால் அவர் பணம் எடுத்தாயிற்றா என்று விசாரிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வேதத்தில் சீட்டு இல்லையா என்பீர்கள். தாராளமாக இருக்கிறது. யோசுவா தேசத்தைப் பங்கிட்டது சீட்டுப் போட்டு. கப்பலில் யோனாவைக் காட்டிக்கொடுத்தது சீட்டு. சிலுவையடியில் போர்ச்சேவகர்கள் அங்கிக்குப் போட்டதும் சீட்டுதான். அதை மட்டும் ஏனோ யாரும் முன்மாதிரியாகச் சொல்வதில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் அப்படியே. ஆனால் அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னால். ஆவியானவர் இறங்கியபின் அப்போஸ்தலர் நடபடிகள் முழுக்கத் தேடிப் பாருங்கள், சபையில் ஒருவரும் சீட்டைத் தொடவில்லை. 15ஆம் அதிகாரத்தில் விருத்தசேதனத்தை வைத்து எருசலேமில் பெரிய தகராறு. குலுக்கிப் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவர்களோ உட்கார்ந்து வாதாடினார்கள், சாட்சி கேட்டார்கள், பிறகு "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். "எங்களுக்கும்" என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்க்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

பெரியவர்களும் சீட்டில் வழுக்கியிருக்கிறார்கள். மெதடிஸ்டுகளின் தகப்பன் ஜான் வெஸ்லி இளம் போதகராக அமெரிக்காவில், ஜார்ஜியாவின் சவானாவில் இருந்தபோது சோஃபி ஹாப்கி என்ற பெண்மேல் பிரியம் வைத்தார். தீர்மானமாகக் கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. 1737 மார்ச்சில் நண்பர் டெலமோட்டை வைத்துக்கொண்டு 3 சீட்டு எழுதினார். கல்யாணம் செய், இந்த வருஷம் அதை நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. வந்தது மூன்றாவது. பக்தியோடு ஏற்றுக்கொண்டார். சில நாளிலேயே சோஃபி, வில்லியம்சன் என்பவரைக் கட்டிக்கொண்டாள். கதை அங்கே முடிந்திருந்தால் சாட்சிக் கூட்டத்தில் சொல்லலாம். ஆகஸ்டில் வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், புருஷன் வழக்குப் போட்டார், டிசம்பரில் வெஸ்லி இங்கிலாந்துக்கே திரும்பக் கப்பலேறிவிட்டார். "போய் அந்தப் பெண்ணிடம் நேராகக் கேள்" என்று நான்காவதாக ஒரு சீட்டு எழுத அவருக்குத் தோன்றவில்லை.

இனி ஒரு கத்தோலிக்கரைச் சொல்லப் போகிறேன், சந்தாவை நிறுத்த விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்தலாம். இயேசு சபையைப் பிற்பாடு நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், 1522இல், மாதாவைப் பற்றித் தவறாகப் பேசிய ஒருவனைத் துரத்திப் போய்க் குத்துவதா விடுவதா என்று தெரியாமல், கடிவாளத்தைத் தளர்த்திக் கோவேறு கழுதையின் முடிவுக்கு விட்டார். கழுதைக்கு விவேகம் இருந்தது, வேறு பாதையில் போனது. பிற்பாடு அவரே "தெளிந்து தேர்தல்" பற்றி எழுதியபோது கழுதையைச் சிபாரிசு செய்யவில்லை. மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும்போது முந்தின தீர்மானத்தை மாற்றாதே என்றார். முன்பின் தெரியாத ஒருவன் இதே சிக்கலோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வாய் என்று யோசி என்றார். நம் பக்கத்தில் பவுலும் ரோமர் 12:2இல் தேவனுடைய சித்தத்தைப் "பகுத்தறிய" வேண்டும் என்கிறார். பகுத்தறிவு என்றாலே கறுப்புச் சட்டை ஞாபகம் வந்து நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். குலுக்கியறிய என்று பவுல் எழுதவில்லை.

சீட்டில் எனக்குள்ள பெரிய சந்தேகம் வேறு. அதை எழுதுவது நாம். இந்த இதழின் கடைசிப் பக்கத்தையே பாருங்கள்: இரட்சிக்கப்பட்ட, ஆவிக்குரிய, சிவந்த நிறமுள்ள, பொறியியல் படித்த, அதே இனத்தைச் சேர்ந்த மணமகள் தேவை, தேவ சித்தம் அறிந்து தொடர்புகொள்ளவும். ஜாதியை நாம் முடிவு செய்தாயிற்று. நிறம், படிப்பு எல்லாம் ஆயிற்று. மிச்சம் இருக்கிற இரண்டு பேரில் யார் என்று சொல்ல ஆண்டவருக்கு அனுமதி. போன வருஷம் இதை எழுதியதற்கு எங்கள் விளம்பரப் பிரிவுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்த வருஷமும் பேசமாட்டார்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், மொத்தம் இரண்டு பக்கம். இரண்டு பையன்களின் சம்பளம், தகப்பனார்களின் உத்தியோகம், சபை, சொந்த வீடு, எல்லாம் இருக்கிறது. உபவாசம் இருந்தவர்கள் பட்டியலும் இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை.

ஈசாக்குக்குப் பெண் தேடிப் போன ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளைக் கண்டுபிடித்த கதையை அடையாளம் கேட்பதற்கு ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். அவன் கேட்ட அடையாளம் என்ன? வழிப்போக்கனுக்கும் அவனுடைய 10 ஒட்டகங்களுக்கும் தானாகவே தண்ணீர் வார்க்கிற பெண். தாகமெடுத்த ஒட்டகம் ஒன்று சுமார் 100 லிட்டர் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவன் சோதித்தது அவள் குணத்தை. அதோடு, பெண்ணுக்கு வர மனதில்லாவிட்டால் நீ ஆணைக்கு நீங்கலாயிருப்பாய், அதாவது கொடுத்த சத்தியம் உன்னைக் கட்டாது என்று ஆபிரகாம் முதலிலேயே சொல்லித்தான் அனுப்பினார். அத்தனை ஜெபமும் அடையாளமும் ஆனபிறகும் அவள் வீட்டார், "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்" என்றார்கள். ஆதியாகமம் 24:57. கேட்டார்கள். "போகிறேன்" என்றாள்.

அடுத்த கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும். தபால்தலைச் செலவு என்னுடையது.